ஜோசஃபின் வசூலித்த தொண்ணூறு ரூபாய்

ஒக்கலிபுரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க ஜோசஃபினுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ரயில் பாதையை ஒட்டிய சந்தில் கடைசி வீடு. 1953ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் மெஜஸ்டிக் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து தூறலில் நடந்து வந்திருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கே சந்து இருட்டிக் கிடந்தது. ஓட்டுக் கூரையும் சுவரும் எஞ்சின் புகையில் கறுத்துப்போயிருந்தன. ஈரக் கரி வாசனை மூக்கில் ஏறியது.

குடையை மடக்கிக் கதவைத் தட்டினாள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது அவளுக்குப் புதிதில்லை.

அவள் கணவன் தியோடர் கண்டோன்மென்ட்டில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைப் பார்க்காமலே தடவி எடுத்துக் கோக்கும் விரல்கள் அவனுக்கு. அதே விரல்கள் பில்லியர்ட்ஸ் மேஜையில் கோலைப் பிடித்தால் அவனை ஜெயிப்பது கஷ்டம். சனிக்கிழமை மத்தியானங்களில் பிளாக்பள்ளியில் ஒரு பில்லியர்ட்ஸ் ஹாலுக்குப் போய்ப் பந்தயம் வைத்து ஆடுவான். ஜெயிப்பான். ஆனால் வாயைத் திறந்து பணம் கேட்க அவனுக்கு வராது.

அந்த ஹாலில் ஒரு வழக்கம் இருந்தது. அறிமுகமில்லாதவர்கள் ஆடினால், முதல் அடிக்கு முன்பே இரண்டு பேரும் பந்தயப் பணத்தை மார்க்கர் அப்பாதுரையிடம் கொடுத்துவிட வேண்டும். புள்ளி குறிப்பவர் அவர்தான். ஜெயித்தவன் கையில் மொத்தத்தையும் கொடுப்பவரும் அவர்தான். ஆனால் கோட்டும் தொப்பியுமாக ஒருவன் வந்து சிரித்துப் பேசினால் போதும், தியோடர் "பரவால்ல சார், அப்பறம் குடுங்க" என்று சொல்லிவிடுவான். அப்படிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததில்லை. அவர்கள் வீட்டைத் தேடிப் போய் வாங்கி வருவது ஜோசஃபினின் வேலை.

இந்த முறை தொண்ணூறு ரூபாய். தியோடரின் ஒன்றரை மாதச் சம்பளம். அவளுடைய தையல் மெஷின் சேட்டுக் கடையில் அடகில் இருந்தது. அவள் வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது வைத்தது. இந்த மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் கைவிட்டுப் போய்விடும்.

கதவு திறந்தது. நாற்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வெள்ளைச் சேலை, காதில் சின்னதாக ஒரு ஜோடிக் கம்மல்.

"சிரில் சார் வீடுதானே?"

"ஆமா. நான் அவர் சம்சாரம், பியாட்ரிஸ்."

"நான் மிஸஸ் தியோடர். முந்தாநேத்து... இல்ல, போன வாரம் சனிக்கிழமை உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரர்கிட்ட பில்லியர்ட்ஸ் ஆடித் தோத்தாரு. தொண்ணூறு ரூபா. அவரே கைப்பட விலாசம் எழுதிக் குடுத்த சீட்டு, பாருங்க."

பியாட்ரிஸ் சீட்டைக் கையில் வாங்கவில்லை. எட்ட நின்றபடியே எழுத்தைப் பார்த்தாள்.

"நீங்க நாலாவது ஆளு," என்றாள். "உள்ள வாங்க. அவரு செத்து ரெண்டு வருஷம் ஆகுது."

ஜோசஃபினுக்குச் சிரிப்பு வந்தது. செத்துப்போய்விட்டார் என்று இதற்கு முன்பு இரண்டு வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் செத்தவரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இவளே வெளியே வரவழைத்திருக்கிறாள்.

"இந்தக் கதையெல்லாம் நான் நெறைய கேட்டாச்சும்மா. அவரைக் கூப்பிடுங்க."

"கூப்பிடாதீங்க," என்றாள் பியாட்ரிஸ். குரல் தாழ்ந்துவிட்டது. "பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிடாதீங்க."

சந்துக்கு வெளியே ஒரு கூட்ஸ் வண்டி கடந்தது.

"அவரு நல்ல மனுஷன். யாருக்கும் பாக்கி வெச்சதில்ல," என்று பியாட்ரிஸ் தொடர்ந்தாள். "சாகற அன்னிக்கு ஆட்டத்துல தோத்துட்டு, வீட்ல போய் எடுத்துட்டு வரேன்னு சொல்லி ஓடி வந்திருக்காரு. குறுக்கு வழின்னு தண்டவாளத்துல ஏறினாரு. மழையில எஞ்சின் வந்தது தெரியல. குடுக்கறேன்னு சொன்னா குடுப்பாரு. இப்பவும் குடுக்கறாரு. அதான் பேஜாரு."

"குடுத்தா நல்லதுதானே?"

"குடுத்துட்டுத் திருப்பி ஒரு ஆட்டம் கேப்பாரும்மா. தோத்ததை எடுக்காம அவரால தூங்க முடியாது. உசுரோட இருக்கும்போதே அப்படித்தான்."

அவள் உள்ளறைத் திரையை விலக்கினாள். கட்டிலில் ஒருவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நல்ல உடல்கட்டு, தோள்கள் அகலமானவை. ஆனால் இரண்டு கைகளும் தோளிலிருந்து ஈரத் துணி போலத் தொங்கின. கன்னத்தில் உட்கார்ந்திருந்த ஈயை ஓட்ட அவனால் முடியவில்லை. முகத்தை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என் தம்பி அலெக்சாண்டர். இவன்கிட்டதான் அன்னிக்கு அவரு தோத்தாரு. செத்த ஒரு மாசத்துல பணம் வந்துது. வாங்கிக்கிட்டான்."

அலெக்சாண்டர் ஜோசஃபினைப் பார்த்தான். "வாங்காதீங்கக்கா," என்று மட்டும் சொன்னான்.

பியாட்ரிஸ் தன் காதுக் கம்மலைக் கழற்றி நீட்டினாள். "இதை எடுத்துக்கோங்க. தொண்ணூறு பெறும். கணக்கு தீந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அவர்கிட்ட இருந்து வரதை மட்டும் தொடாதீங்க."

ஜோசஃபின் அந்தக் கம்மலைப் பார்த்தாள். பொய் சொல்லி ஏமாற்றுகிற பெண் காதில் கிடக்கும் கடைசிப் பவுனைக் கழற்றித் தருவாளா என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆனால் வீட்டில் கை விளங்காத தம்பி. வேறு வருமானம் இருப்பதாகத் தெரியவில்லை.

"போட்டுக்கோங்கம்மா," என்றாள். "பொம்பள காதுல இருக்கறதைப் பிடுங்கிட்டுப் போக நான் வரல."

இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். பியாட்ரிஸ் கையை மடக்கிக்கொள்ளாமல், நீட்டியபடியே வாசல்வரை கூட வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மர்ஃபி டவுனில் ஜோசஃபின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

மழையில் ஒரு மனிதர் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தார். முழங்கால்வரை கால்சட்டை நனைந்து, கரித்தூள் அப்பியிருந்தது.

"மிஸஸ் தியோடர்தானே? உங்க வீட்டுக்காரருக்குக் குடுக்க வேண்டியது. லேட்டாயிடுச்சு, தப்பா நெனச்சுக்காதீங்க."

வாங்கிப் பழகிய கை தானாக நீண்டது. அவர் நோட்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல்கள் தன் கையில் படுவதை ஜோசஃபின் கண்ணால் பார்த்தாள்.

பட்டது தெரியவில்லை.

குளிர்ச்சியும் இல்லை, சூடும் இல்லை. ஒன்றுமே இல்லை. அவள் நிமிர்ந்தபோது அவர் சந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

எண்ணிப் பார்த்தாள். தொண்ணூறு சரியாக இருந்தது. பட்டப்பகலில் வந்து மன்னிப்புக் கேட்டுப் பணம் கொடுப்பவனைச் செத்தவன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தப் பெண் என்ன நாடகம் ஆடினாள் என்று முணுமுணுத்துக்கொண்டே, மத்தியானம் சேட்டுக் கடைக்குப் போய் மெஷினை மீட்டுவந்தாள்.

புதன்கிழமை தியோடர் ஆறரைக்கு வீடு வந்தான். வியாழக்கிழமை ஏழு. வெள்ளிக்கிழமை ஏழரை. அச்சகத்தில் வேலை அதிகம் என்றான். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சோறு அவன் விரல் இடுக்கில் வழிந்து தட்டுக்கு வெளியே விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

ஜோசஃபின் அவன் வலது கையைப் பிடித்தாள். சுண்டு விரலை அழுத்தினாள். மோதிர விரலை அழுத்தினாள். நடு விரலை நகத்தால் கிள்ளினாள்.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என்னங்க இது?"

தியோடர் கையை இழுத்துக்கொண்டான். "பிரஸ் கேட்ல வந்து நிக்கறாரு, ஜோசி. அந்த சிரில் சார். ஒரே ஒரு ஆட்டம்னாரு. பந்தயம் என்னன்னு கேட்டேன். காசு வேணாம், சின்னதா ஏதாவது வைங்கன்னாரு. நான் தமாஷுக்குச் சுண்டு விரல்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"தோத்துட்டேன்."

"அப்பறமும் ஏன் போனீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது பயம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"போனதைத் திருப்பி எடுக்க வேணாமா? நாளைக்கு எடுத்துடுவேன்."

சனிக்கிழமை மத்தியானம் அவனைப் போகவிடாமல் கதவைப் பூட்டிவைத்தாள். தண்ணீர் பிடித்துவிட்டு வருவதற்குள் ஜன்னல் வழியாகப் போயிருந்தான். குடைகூட எடுக்காமல் அவள் பிளாக்பள்ளிக்கு ஓடினாள்.

ஹாலில் ஆட்கள் இல்லை. மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கோடி மேஜைக்கு மேல் மட்டும் விளக்கு எரிந்தது. பச்சைத் துணியின் மேல் வெளிச்சம், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாத இருட்டு. கோல் முனையில் தேய்க்கும் சாக்குக்கட்டியின் வாசனையோடு ஈரக் கரியின் வாசனையும் கலந்து வந்தது.

அப்பாதுரை வாசலருகே நின்றார்.

"நல்லவேளை, நீ வந்துட்டேம்மா. எல்லாரும் எழுந்து போய்ட்டாங்க. மொத நாள் அந்த ஆளை நானே பாத்தேன். இப்ப கண்ணுக்குத் தெரியல. ஒரு அடி உன் வீட்டுக்காரர் அடிக்கறாரு. அப்பறம் வழிவிட்டு நகந்து நிக்கறாரு..."

டக்.

தியோடர் மேஜைக்குப் பின்னால் கோலை ஊன்றிப் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் அடிக்கவில்லை. வெள்ளைப் பந்து உருண்டு போய்ச் சிவப்பைத் தட்டியது. சிவப்புப் பந்து அவசரமே இல்லாமல் மூலைக் குழியை நோக்கிப் போனது.

விழுந்தது.

தியோடரின் ஆள்காட்டி விரல் கோலிலிருந்து நழுவித் தொங்கியது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்," என்றான் இருட்டைப் பார்த்து. "கட்டை விரலுக்கு."

ஜோசஃபின் நேராகப் போய் மேஜையின் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். பந்துகளை ஒரே தள்ளாகத் தள்ளிக் கலைத்தாள்.

"சிரில் சார்."

பெயரைச் சொல்லிவிட்டாள். விளக்கு அசையாமல் எரிந்தது. எதிரே, துணியின் ஓரத்தில், ஒரு கோல் யாரும் பிடிக்காமல் சாய்ந்து நின்றது.

"பணத்தை யார் கையில குடுத்தீங்க?" அந்தக் கோலைப் பார்த்தே கேட்டாள். "இவரு கேக்கல. உங்க வீடு தேடி வந்து கேட்டது நான். என் கையிலதான் குடுத்தீங்க. அந்தப் பணத்துல மெஷினை மீட்டதும் நான்தான். திருப்பி எடுக்கணும்னா என்கிட்ட எடுக்கணும். இவர்கூட ஆட உங்களுக்கு என்ன பாத்தியதை?"

"ஜோசி, வேணாம்," என்றான் தியோடர்.

"எனக்கு ஆடத் தெரியாது சார். கத்துக்கவும் மாட்டேன். என்னிக்கு நானா வந்து கோலைத் தொடறேனோ அன்னிக்கு ஆடுங்க. அதுவரைக்கும் இவரை விடுங்க."

மழை ஓட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பாதுரை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சாய்ந்து நின்ற கோல் நிமிர்ந்தது. பிறகு மெதுவாக, சத்தம் வரக்கூடாது என்று யாரோ பார்த்துப் பார்த்து வைப்பது போல, பச்சைத் துணியின் மேல் படுத்தது.

அவள் கணவனின் தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

நான்கு விரல்களுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. அச்சகத்து வேலை போயிற்று. தியோடருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் மணியடிக்கும் வேலை கிடைத்தது. இடது கையால் அடித்தான். ஜோசஃபின் பள்ளிக்கூட கவுன்கள் தைத்துக் குடும்பத்தை நடத்தினாள். அதற்குப் பிறகு அவள் எந்த ஆட்டத்தையும் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் தாயம் உருட்டக் கூப்பிட்டால்கூட அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவாள். ஏறக்குறைய எட்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நம்பியிருந்தாள்.

1961ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் வீடு வீடாக ஜனத்தொகைக் கணக்கெடுத்தார்கள். அவள் தெருவுக்கு வந்தவர் சீனிவாசராகவன் என்ற பள்ளிக்கூட வாத்தியார். வெயில் ஏறாத காலை நேரம். அவர் வாசற்படியில் நின்றபடியே பேனாவைத் திறந்தார்.

"ஆத்துல மொத்தம் எத்தனை பேர்மா?"

"ரெண்டு பேர் சார். நானும் எங்க வீட்டுக்காரரும். குழந்தைங்க இல்ல. அவரு வேலைக்குப் போயிருக்காரு."

வாத்தியார் எழுதப்போனவர் நிறுத்தினார். அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே அவளுடைய தையல் மெஷினும், அதற்கு எதிரே காலியான ஒரு நாற்காலியும் இருந்தன.

"அப்போ அவர்?"

ஜோசஃபினால் திரும்ப முடியவில்லை.

"யாரு சார்?"

"ஊர்லேர்ந்து வந்திருக்காரா? நேத்து ராத்திரி இங்க தங்கியிருந்தா அவரையும் சேர்த்துக்கணும்மா. ரூல்ஸ் அப்படி." அவர் குரலைச் சற்று உயர்த்தி உள்ளே பார்த்துக் கேட்டார். "சார், நீங்க இங்க எத்தனை நாளா இருக்கேள்?"

வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

வாத்தியார் தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஆமோதிப்பது போல இரண்டு தடவை தலையாட்டினார்.

"எட்டு வருஷமா? சரி," என்று சொல்லிக் குனிந்து எழுதினார்.