காலித் தெருவில் இடமில்லை

மாப்பிள்ளை வீட்டார் ஐந்தாவது முறையாக வாசலைக் கடந்து போனார்கள். நவநீதன் ஐந்தாவது முறையாகக் கும்பிட்டார். ஓட்டுநர் இல்லாத தானோடி வண்டிக்குள்ளிருந்து அவர்களும் கும்பிட்டார்கள். தெருவில் ஒரு வண்டிகூட இல்லை, பந்து விளையாடலாம். ஆனாலும் அந்த வண்டி இடம் தேடி ஊர்ந்துகொண்டே இருந்தது. முறையாக நிறுத்தாமல் கதவு திறக்கக் கூடாது என்பது சட்டம்.

"ஏனுங்க, ராகுகாலம் பொறக்கப் போகுது. மாப்பிள்ளையோட அம்மா அதெல்லாம் பாக்கறவங்க. அதுக்குள்ள படியேறலைன்னா இப்படியே ஊருக்குத் திரும்பிருவாங்க" என்றாள் மனைவி தீபிகா. "எல்லாம் உங்க கல்லால வந்த வினை."

வினைதான். தானோடிகளில் இடமுணரி வந்தபின் வண்டி நிறுத்துவது மனிதர் வேலையாக இல்லை. அது ஒலியை அனுப்பும், எதிரொலியைக் கேட்கும், இரண்டு வண்டிகளுக்கு நடுவே இம்மி பிசகாமல் நுழைந்து ஓரங்கட்டும். விளைவு, கோயமுத்தூரில் கண்ட வண்டியெல்லாம் கண்டவர் வாசலில் நின்றது. பழையபடி கருங்கல்லும் உடைந்த பூந்தொட்டியும் வைத்து இடம் பிடித்தால் மாநகராட்சி அள்ளிப் போனது. அப்போதுதான் நவநீதன் மாயக்கல்லை வாங்கிவந்தார். தீப்பெட்டி அளவுதான். இடமுணரி ஒலி அனுப்பினால், இங்கே ஒரு வண்டி நிற்கிறது என்று பொய் எதிரொலி தரும்.

பக்கத்து வீட்டு ரோஷன் சும்மா இருப்பாரா? பெரிய வண்டியின் எதிரொலி தரும் கல்லாக வாங்கினார். எதிர் வீட்டில் பேருந்தின் எதிரொலி. இப்படியே தெரு முழுக்க வாசலுக்கு ஒரு கல் வந்தது. இப்போது நவநீதன் தம் கல்லை அணைத்தும் பயனில்லை. இருபுறத்துப் பொய்களும் அவர் வாசல்வரை நீண்டிருந்தன. தெருக்காரர்களின் சொந்த வண்டிகளே நாலு தெரு தள்ளித்தான் நின்றன.

மகள் மகிழினி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியோடு கூடவே நடந்து, கண்ணாடி வழியாக மாப்பிள்ளை ஆதவனிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினாள். மூன்று வருடப் பழக்கம். இன்றுதான் பெரியவர்கள் பேச ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"அவரை வாசலோட திருப்பி அனுப்பினீங்கன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்ப்பா." அவள் கண் கலங்கியிருந்தது.

நவநீதன் கௌரவத்தை ஆணியில் மாட்டிவிட்டு வீடுவீடாக ஓடினார்.

"நா அணைக்கறேனுங்க. எதிர் வீட்டுக்காரர் அணைப்பாரா?" என்றார் ரோஷன்.

"அவர் அணைச்சா நானும் ரெடி" என்றது எதிர் வீடு.

கடைசியில் எல்லோரையும் தெருவுக்கு இழுத்துவந்து நிறுத்தி, "நம்ம புள்ளை காரியமுங்க" என்று கும்பிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி எல்லாரும் ஒரே நேரத்தில் அணைத்தார்கள்.

தெரு ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தது. பிறகு திறந்தது மடை. சுற்றுவட்டாரத்தில் மாதக்கணக்கில் இடம் கிடைக்காமல் அலைந்த தானோடிகளெல்லாம் இரு முனைகளிலிருந்தும் பாய்ந்தன. ஓரங்கள் நிரம்பின, நடுவும் நிரம்பியது. நவநீதன் வாசலில் யாரோ ஒருவரின் காய்கறி வண்டி கச்சிதமாக ஓரங்கட்டியது. மாப்பிள்ளை வீட்டு வண்டி நட்டநடுத் தெருவில் சிக்கியது. முன்னே ஒரு சாண், பின்னே ஒரு சாண்.

நவநீதன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அந்த வண்டியின் இடமுணரி அளந்து பார்த்தது. முன்னால் வண்டி, பின்னால் வண்டி, நடுவே தான், அசைவில்லை. இதைவிடச் சிறந்த நிறுத்தம் ஏது?

"நிறுத்தம் முடிந்தது. நன்றி" என்று சொல்லிக் கதவைத் திறந்தது.

ராகுகாலத்துக்குச் சற்று முன்னால் மாப்பிள்ளையின் அம்மா படியேறினார். கேசரி ஆயிற்று, காபி ஆயிற்று. பெண்ணையும் வீட்டையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வழக்கப்படி முந்தானையைச் சரிசெய்து எழுந்தார்.

"சரிங்க. வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

சொன்னவர் வாசலுக்குப் போனார். ஒரு வண்டியும் நகர்வதாக இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை போய்ப் பார்த்தார். பொழுது சாய்ந்து மூன்றாவது காபி வந்ததும் உள்ளே வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இங்கயே சொல்லிர்றேனுங்க. எங்களுக்குச் சம்மதம். ராத்திரிக்கு என்ன சமையல்?"