இடது விளக்கு

ஆகஸ்ட் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், உளவியல் துறைக் கட்டடத்தின் கீழ்த்தள ஆய்வறையில், மின்முனைத் தொப்பி யார் தலையிலும் இல்லாமல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, இடது விளக்கு எரிந்தது.

அறையில் இருந்தவள் துறையின் ஆய்வு உதவியாளர் ஒருத்திதான். விளக்கு எரிந்து அணைந்ததைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய இடது கை மேசையிலிருந்து எழுந்து, வியர்வையில் கழுத்தோடு ஒட்டியிருந்த முடியை ஒதுக்கியது.

ஏதோ வயர் தளர்ந்திருக்க வேண்டும். எழுந்துபோய் ஒவ்வொரு இணைப்பையும் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. பழைய கருவி சூடேறும்போது வரும் தூசி வாசனையும் மின்முனைகளுக்குப் பூசிக் காய்ந்த ஜெல்லின் புளித்த நெடியும் அறையில் வழக்கம்போலத் தேங்கி நின்றன. மேல்மாடிகளில் கதவுகள் பூட்டப்படும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. மூன்று நாள் விடுமுறைக்காகக் கட்டடம் காலியாகிக்கொண்டிருந்தது.

ஆய்வறையின் மூலையில் பெட்டி நின்றது. ஒரு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் ஒலிபுகா அறை அது. அதற்குத் துறையில் எல்லோரும் வைத்த பெயர் பெட்டி. உள்ளே உட்காருபவர் தொப்பியை அணிந்துகொண்டு, இரண்டு கைக்கும் அடியில் இருக்கும் பொத்தான்களில் எதை வேண்டுமானாலும், எப்போது தோன்றுகிறதோ அப்போது அழுத்தலாம். யாரும் எதுவும் சொல்வதில்லை. மிஷின் மூளையின் அலைகளைப் படித்து, அவர் அழுத்துவதற்கு முன்பே இடதா வலதா என்று வெளி மேசையிலிருக்கும் விளக்கைப் போட்டுக் காட்டும். மூளை முன்பே முடிவெடுத்துவிடுகிறது, 'நான்தான் முடிவெடுத்தேன்' என்று மனம் பிறகு வந்து கையெழுத்து மட்டும் போடுகிறது என்பது அவளுடைய ஆய்வேட்டின் வாதம். அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்திருந்தாள்.

பதிவு நடக்கும்போது, பெட்டிக்குள் காற்று வர ஒரே வழியான காற்றாடியை வெளியிலிருந்து அணைத்துவிடுவார்கள். மோட்டாரின் இரைச்சல் அலைகளில் கலந்து கெடுத்தது. உள்பக்கக் கைப்பிடியும் அதிர்ந்து கெடுத்ததால் அதையும் என்றோ கழற்றிவிட்டார்கள். தாழ் வெளியே மட்டும்தான். ஆகவே துறையில் ஒரே ஒரு விதி உண்டு. வெளியே இருப்பவர் நாற்காலியை விட்டு எழக்கூடாது. பதிவு முடிந்ததும் முதல் வேலையாகக் காற்றாடியைப் போட வேண்டும்.

தொடக்கத்தில் பெட்டிக்குள் உட்கார ஆள் கிடைக்கவில்லை. அதனால் மிஷினைப் பழக்க மாதக்கணக்கில் தானே தொப்பியை அணிந்துகொண்டாள். அதற்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தது அவள் தலைதான். அவளைப் பொறுத்தவரை அதன் கணிப்பு தப்பியதே இல்லை. அப்போது அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

தங்கை வந்து உட்காரும் வரை.

இரண்டு பெண்களையும் பற்றி அப்பா ஒரு நகைச்சுவை வைத்திருந்தார். பெரியவள் ரயில், சின்னவள் நூலறுந்த காத்தாடி. ரயில் போட்ட தண்டவாளத்தில் போயிற்று. சொன்ன பாடத்தைப் படித்தது, காட்டிய மாப்பிள்ளைக்குத் தலையாட்டியது, அவன் விட்டுப் போனபோது அழக்கூடாது என்றதும் அழாமல் இருந்தது. காத்தாடி மூன்று வேலைகளை விட்டது. நிச்சயம் பண்ணிய கல்யாணத்தை நிறுத்தியது. அதற்கும் வீடு சிரித்து மன்னித்தது.

போன வாரம் விளையாட்டாக வந்து பெட்டிக்குள் உட்கார்ந்தாள் தங்கை. மிஷின் தடுமாறியது. இடது என்றால் வலது, வலது என்றால் இடது, சில சமயம் விளக்கு எரிந்தும் அழுத்தமே வராது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"கடைசி நொடியில நிறுத்திடறாம்மா உன் தங்கச்சி! மூளை ஒண்ணு சொல்லுது, இவ மாட்டேங்கறா. இப்படி ஒரு ஆளுக்காகத்தானே இத்தனை வருஷமா காத்திருந்தோம்?"

காத்திருந்தோம். அந்தச் சொல் அவளைவிட்டுப் போகவே இல்லை.

இன்று இரண்டாவது பதிவு. தங்கை செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல. உக்காரு."

தங்கையின் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து ஜெல் வைத்தாள். பள்ளிக்கூட நாட்களில் இதே தலைக்குத்தான் தினமும் பின்னல் போட்டாள். அதே அடர்த்தி, அதே சூடு. விரல் நுனிக்கு அடியில், மெல்லிய எலும்புக்கு அந்தப் பக்கம், தனக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று இருந்தது. அழுத்தினால் தொட்டுவிடலாம் போல இருந்தது.

"மெதுவாக்கா, வலிக்குது."

திரையில் கோடுகள் ஓடத் தொடங்கின. தங்கை எட்டிப் பார்த்தாள். "இதுதான் என் தலையெழுத்தா? கோழி கிளறின மாதிரில்ல இருக்கு!"

அக்காவும் சிரித்தாள்.

"அக்கா… கோவிச்சுக்காத. உன் ஆய்வேட்டைப் பேராசிரியர் ஒத்திப்போடச் சொன்னாராமே. இதை வச்சு முதல்ல எழுதறேன்னாரு. நான் எதுவும் கேக்கல."

"நீ எதைத்தான் கேட்டிருக்க? எல்லாம் தானா வரும் உனக்கு."

"என்னமோ போ. நீ மனசு வச்சா நீயும் மாட்டேன்னு சொல்லலாம். யார் தடுத்தா?"

தங்கையை உள்ளே விட்டுப் பெட்டியின் கதவு மூடியது. தடித்த ரப்பர் விளிம்பு உறிஞ்சிக்கொண்டதுபோல ஒரு சத்தம், அதன்பின் தாழ். காற்றாடியை அணைத்தாள். பெட்டியின் இரைச்சல் நின்றதும் அறை சட்டென்று பெரிதானது போல இருந்தது. தன் மூச்சு, குழாயில் எங்கோ நகரும் தண்ணீர், கருவியின் மெல்லிய ரீங்காரம்.

இடது விளக்கு. வலது அழுத்தம்.

வலது விளக்கு. எதுவுமில்லை.

ஒவ்வொரு தவறும் முகத்தில் அறைந்தது. யார் தடுத்தா? தடுத்தது யார் என்று அவளுக்கே தெரிந்திருந்தால்!

பதிவு முடிந்தது. காற்றாடியைப் போட வேண்டும். விசை வலது கைப்பக்கம், எட்டினால் தொடும் தூரம். போடுவோம் என்று நினைத்தாள்.

வலது விளக்கு எரியவில்லை.

கையும் எழவில்லை.

மறுபடி நினைத்தாள். தெளிவாக, சொல் சொல்லாக நினைத்தாள். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது.

இடது விளக்கு எரிந்தது.

வேண்டாம், என்றாள். வாய்விட்டே சொன்னாள். அதற்குள் இடது கை எழுந்துவிட்டது. மேசையின் ஓரம் வரை போயிற்று. பெட்டிக்குள் வெளிச்சம் தரும் விசையை அணைத்தது. உள்ளே பேசுவதை வெளியே கேட்கச் செய்யும் ஒலிபெருக்கியை அணைத்தது. மடிக்குத் திரும்பியது.

நான் இல்லை. இது நான் செய்தது இல்லை.

அந்த எண்ணத்தில் ஓர் இதம் இருந்தது. அதுதான் அவளை முதலில் பயமுறுத்தியது.

திரையில் கோடுகள் எகிறின. உள்ளே பொத்தான்கள் அழுந்தத் தொடங்கின. சத்தமில்லை. கதவு மயிரளவுகூட அதிரவில்லை. அழுத்தங்கள் மட்டும் வந்து பதிவாயின.

இடது விளக்கு. இடது அழுத்தம்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வலது விளக்கு. வலது அழுத்தம்.

சரி. இதுவும் சரி. இதுவும். இருட்டில் மூச்சுக்கு அலையும் அந்தத் தலையை மிஷின் இப்போது எழுத்துக் கூட்டாமல் படித்தது. காத்தாடி தண்டவாளத்தில் ஓடியது. தன் உதடுகள் விரிவது அவளுக்குத் தெரிந்தது.

மீண்டும் வலது விளக்கு. இந்த முறை அவளுடைய வலது கையும் எழுந்தது. லேசாக, எந்தத் தடையும் இல்லாமல். விசையின் மேல் விரல் பட்டது. பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி. ஓர் அழுத்து போதும்.

உள்ளேயிருந்து வலது அழுத்தம் பதிவாயிற்று.

அப்படியென்றால் அந்த விளக்கு தங்கைக்காக எரிந்தது. தனக்காக இல்லை.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தனக்கான விளக்கு எரியட்டும். எரிந்தால் போடலாம். நாற்காலியை விட்டு எழாமல் காத்திருந்தாள்.

விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை காவலாளி ஆய்வறையைத் திறந்தார். ஆய்வு உதவியாளர் மேசை முன்னால் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?" என்றார். வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெட்டியின் தாழை நீக்கியவர் அவர்தான்.

உள்ளே இருந்தவள் தலையில் தொப்பி அப்படியே இருந்தது. திரையில் எல்லாக் கோடுகளும் நேராக ஓடின. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இடது, வலது, இடது. ஒவ்வொன்றும் எரிந்து அணைந்த பிறகு, மேசை முன்னால் இருந்தவளின் மடியிலிருந்து அந்தந்தக் கை எழுந்து, சற்று நின்று, மறுபடி படுத்துக்கொண்டது.