லிச்சி மரத்தடிப் பொட்டலம்

இளைய ராணி ஷூயின் அனுப்பிய ஆள் வந்தபோது, விசாரணை அதிகாரி வென் கைஷு சிப்பிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ராணியின் முற்றத்து லிச்சி மரத்தடியில் அரசருக்கு வைத்த சூனியப் பொட்டலத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்களாம். மாலைக்குள் வேறு குற்றவாளி கிடைக்காவிட்டால் அவளுக்குத் தூக்குக்கயிறு.

கிண்ணத்தை வைத்துவிட்டு, உதவியாளன் துவானுடன் கிளம்பினார்.

ஷூயின் ஃபூச்சோ துறைமுகத்துக் கப்பல் தலைவர் ஒருவரின் மகள். அவருடைய கப்பல்களுக்காகவே அரசர் அவளை மணந்தார். அரண்மனையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'மீன்காரி'. இப்போது கருவுற்றிருந்தாள்.

"எனக்குப் பாடை கட்ட அளவெடுக்க வந்தீங்களா?" என்றாள் எடுத்த எடுப்பிலேயே.

"நீங்கதானே கூப்பிட்டீங்க, ராணியம்மா. எப்போ திரும்பி வந்தீங்க?"

"இன்னிக்குக் காலையில. அம்மா செத்துப்போயிட்டாங்க. போன வாரம் அடிச்ச புயலுக்கு முன்னாடியே அப்பா வீட்டுக்குப் போயிட்டேன். போறப்போ நான் இங்க எதையோ புதைச்சதை மூத்த ராணியோட தாதி பார்த்தாளாம்."

துவான் குழிக்குள் இறங்கி அடிமண்ணைக் கிளறினான். கெட்டியான மண்ணுக்குள்ளிருந்து பச்சை ஓட்டுத் துண்டு ஒன்றைப் பிடுங்கி வெளியே எறிந்தான்.

"வெறும் ஓடுதான் ஐயா. புயல்ல கூரை பிய்ஞ்சு விழுந்திருக்கு. முற்றம் பூரா கிடக்கு."

வென் அதை எடுத்துத் தன் சட்டைக் கைக்குள் போட்டுக்கொண்டார்.

சபையில் அரசர் முகம் இறுகி அமர்ந்திருந்தார். பக்கத்தில் மூத்த ராணி பாவ். எதிரே ஷூயின் நின்றாள்; நடுவில், மஞ்சள் மந்திரத்தாள் ஒட்டிய பொட்டலம். பயத்தில் யாரும் அதைப் பிரிக்கவில்லை. தோண்டியவுடன் காவலர் தலைவன் முத்திரை வைத்துவிட்டான்.

"இன்னும் என்ன விசாரணை?" என்று சீறினாள் பாவ். "ராஜா மாதிரி பொம்மை பண்ணி, தொண்டையில மீன்முள்ளைக் குத்தி வச்சிருக்கா. மீன்காரி புத்தி வேற எங்க போகும்?"

வென் ஓட்டுத் துண்டை நீட்டினார். "இது பொட்டலத்துக்கு அடியில கிடந்தது, மகாராஜா. புயல்ல உடைஞ்ச ஓடு. குழி தோண்டிப் புதைச்சவங்க தெரியாம மண்ணோட சேர்த்து உள்ளே தள்ளியிருக்காங்க. அப்போ புதைச்சது புயலுக்கு அப்புறம். அந்த நாள்ல இளைய ராணி இங்கேயே இல்லை."

பிறகு முத்திரையை உடைத்துப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மெழுகுப் பொம்மை. அதன் தொண்டையில் மீன்முள்.

"யாரும் பிரிக்காத பொட்டலம். உள்ளே இருக்கிற முள்ளு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, பெரிய ராணியம்மா?"

பாவ் அரசரைப் பார்க்கவில்லை. ஷூயினின் வயிற்றைத்தான் பார்த்தாள். "அந்தக் குழந்தை முன்னாடி என் மகன் கைகட்டி நிக்கணுமா? நான்தான் வச்சேன். போங்க!"

அவளைப் பிக்குணி மடத்துக்கு அனுப்ப அரசர் உத்தரவிட்டார். பிறகு ஷூயின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "நடந்ததை மறந்துடு. உங்க அப்பாகிட்ட சொல்லிடாதே."

"சொல்லமாட்டேன். அவ பொய் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. நீங்க ஏன் நம்பினீங்க?"

அவள் வணங்காமலே வெளியேறினாள். உள்ளறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் சபை வரை கேட்டது.

வாசலுக்கு வந்ததும் துவான் துள்ளினான். "ஜெயிச்சுட்டோம் ஐயா!"

"நாம வீட்டுக்குப் போறோம்," என்றார் வென். "அந்தப் பொண்ணு இந்த ராஜாகூடத்தான் வாழணும்."