குளத்தோரம் கருகிய புல்

“அக்கா! கொஞ்சம் இங்க வந்து பாருங்க... கண்குளிரப் பாருங்க!”

பின்பக்கத்திலிருந்து ஓரகத்தி சின்னவளின் குரல் வந்தபோது பெரியவள் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மணி எட்டுகூட ஆகவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள்.

நீச்சல் குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல் விரிக்கும் வேலை மூன்று நாளாக நடக்கிறது. வீட்டை ஒட்டிய பக்கம் முடிந்துவிட்டது. முடிந்த அந்தப் பக்கத்தில், குளத்து விளிம்போரம், ஒரு முழ நீளத்துக்குப் புல் உருகிச் சுருண்டு கட்டி கட்டியாய் ஒட்டிக் கிடந்தது!

‘ஐயோ’ என்றுதான் பெரியவளுக்கு வாயில் வந்தது. மனசுக்குள் வந்தது வேறு. அதை யாரிடம் சொல்ல?

அந்த இடத்தில் பதினோரு வருஷம் நிஜப் புல் இருந்தது. அவள் நட்டது. குந்தி உட்கார்ந்து கையாலேயே களை பிடுங்கி வளர்த்தது. போன மாதம் சின்னவள், “புல்லெல்லாம் தண்ணில விழுந்து ஃபில்டரை அடைக்குது” என்றாள். கொழுந்தன் தலையாட்டினான். மண்வெட்டி வந்துவிட்டது. அதற்கு முன்னால் போனது மாடி அறை. சின்னவள் மாசமாக இருந்து படுத்த படுக்கையானபோது, குளியலறையோடு சேர்ந்த தன் அறையை யாரும் கேட்காமலே பெரியவள் காலி செய்து கொடுத்தாள். பிள்ளைக்கு இப்போது நாலு வயசு. அறை திரும்பி வரவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காததில் கொஞ்சம் பெருமை, நிறைய வயிற்றெரிச்சல். தினம் காலையில் குளத்தோரம் நின்று அந்த ஜன்னலை ஒரு தடவை அண்ணாந்து பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுதே விடியாது.

“நேத்து காலையில நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் நாங்க எல்லாரும் வெளிய போயிட்டோம். வேலைக்காரங்க சாப்பிடப் போயிட்டாங்க. வீட்டுல இருந்தது நீங்களும் உங்க இஸ்திரிப் பெட்டியும்தான்!” என்றாள் சின்னவள்.

“என்னடி பேசற நீ? பெட்டியைத் தூக்கிட்டு வந்து புல்லுக்குத் தேய்ச்சேனா?”

“உங்க புல்லை எடுத்த நாள்லேருந்து நீங்க என்கிட்ட முகம் குடுத்துப் பேசினதுண்டா? எனக்குத் தெரியாதா?”

சத்தம் கேட்டு வந்து நின்ற கணவரைப் பெரியவள் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

“இதோ பாரு... கோவத்துல ஏதாவது செஞ்சிருந்தா சொல்லிடு. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

“நீங்களே கேக்கறீங்களா? இருபத்திரண்டு வருஷம் என்கூட இருந்துட்டு... நீங்களே கேக்கறீங்களா!”

அவள் கூடத்துக்குப் போய்த் துணிப்பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். அக்கா வீட்டுக்குப் போய்விடுவது. இவர்கள் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. எரித்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு ஒரு வீட்டில் இருக்க முடியுமா? அவர் வாசற்படியில் நின்றபடி, “அவசரப்படாதே... அவசரப்படாதே...” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மதியம் வரை அவளும் நகரவில்லை, அவரும் நகரவில்லை.

பின்பக்கத்தில் புல் விரிப்பவர் கருகிய துண்டை வெட்டியெடுத்தார். புதுத் துண்டின் இழைகள் வீட்டைப் பார்த்துச் சாய்கின்றனவா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அடியில் பசை தடவி ஒட்டினார். பெரியவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் அவர் கத்தவும் சரியாக இருந்தது.

“எல்லாரும் ஓடி வாங்க! இப்ப போட்டதும் உருகுது!”

ஓடினார்கள். புதுத் துண்டின் மேல் சாய்வாக ஒரு வெளிச்சப் பட்டை. அதன் கீழே பச்சை இழைகள் சுருள, பிளாஸ்டிக் தீயும் நாற்றம். பக்கத்தில் யாரும் இல்லை, இஸ்திரிப் பெட்டியும் இல்லை. கொழுந்தன் கையை நீட்டினான், “அம்மாடி!” என்று இழுத்துக்கொண்டான்.

புல் விரிப்பவர் மாடி ஜன்னலைக் காட்டினார். “அந்தக் கண்ணாடில என்ன ஒட்டியிருக்கீங்க? வெயிலை அப்படியே திருப்பி இங்க அடிக்குதே! நிஜப் புல்லுன்னா வாடிட்டுப் போகும். இது தாங்காதுங்க.”

கொழுந்தன் மனைவியிடம் திரும்பினான். “முந்தாநாள் ஜன்னல்ல கண்ணாடி மாதிரி மின்னற தாளை ஒட்டியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னியே! வெயிலுக்குன்னுதானே சொன்ன?”

“வெயிலுக்கு இல்ல...” சின்னவள் அழ ஆரம்பித்தாள். “அக்கா தினம் கீழ நின்னு பாக்கறாங்க. அவங்க ரூமை நான் புடுங்கிக்கிட்டேன்னு பாக்கறாங்க... அவங்க கண்ணுக்கு நான் தெரியக்கூடாதுன்னு ஒட்டினேன்!”

அவள் விடாமல் அழுதாள்.

“இந்த வீட்டுல எதைத் தொட்டாலும் அக்கா செஞ்சதுன்னுதான் சொல்றீங்க. என் பிள்ளைகூட அவங்க ஊட்டினாத்தான் சாப்பிடுது! எனக்குன்னு என்ன இருக்கு? ஒரு புல்லாவது நான் போட்டதா இருக்கட்டும்னு நினைச்சேன்... அதையும் நானே எரிச்சுட்டேன்!”

“அண்ணி, மன்னிச்சிடுங்க...” என்றான் கொழுந்தன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவள் ஜெயித்துவிட்டாள். பெட்டியோடு நிமிர்ந்து வாசலைத் தாண்டியிருக்கலாம், யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“நான் எரிக்கலடி. ஆனா காலையில அது கருகிக் கிடந்ததைப் பாத்ததும் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. நல்லா வேணும்னு நினைச்சேன். ஜன்னலைப் பாத்ததும் நிஜம்தான். பொறாமையாத்தான் பாத்தேன்!”

சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். அடுத்த நொடி பெரியவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள்.

“ரூமை நீங்களே எடுத்துக்கோங்கக்கா...”

“குடுத்ததைத் திருப்பி வாங்கற வழக்கமெல்லாம் எனக்கில்ல. அந்தத் தாளை மட்டும் கிழிச்சுப் போடு. நான் பாத்தா பாத்துட்டுப் போறேன். எரிச்சலா இருந்தா உன்கிட்டயே சொல்றேன், நீயும் சொல்லு.”

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

“என்னையும் மன்னிச்சிடு...” என்று கணவர் மெல்ல அருகில் வந்தார்.

“உங்களுக்கு அவ்வளவு சுலபமா இல்ல. பெட்டியை உள்ள கொண்டுபோய் வைங்க. புடவையையெல்லாம் நீங்களே அடுக்குங்க.”

மேலே தாள் கிழிபடும் சத்தம் கேட்டது. புல்லின் மேல் கிடந்த வெளிச்சப் பட்டை துண்டு துண்டாகி மறைந்தது. ஜன்னல் திறந்தது, வீங்கிய கண்களோடு சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

“இப்ப நான் தெரியறேனாக்கா?”

பெரியவள் அண்ணாந்து பார்த்தாள்.

“தெரியற. கட்டில் மேல துவைச்ச துணியெல்லாம் மலையாக் குவிஞ்சு கிடக்கறதும் தெரியுது. இரு, வரேன்... ரெண்டு பேரும் சேர்ந்து மடிப்போம்!”