இரண்டாவது வயர்

வயரைக் குத்திய பிறகு வேகம் குறைந்தது. அப்படி நடக்கக்கூடாது. வைஃபையில் நொடிக்கு ஒன்பது மெகாபைட் வந்துகொண்டிருந்தது. வயரில் நூறைத் தொடும் என்று யூட் சொல்லியிருந்தான். சுலோஜனாவின் திரையில் இரண்டு என்று நின்றது.

மாலை ஐந்து மணிக்கே ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் இருட்டிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் நவம்பர் மழை வழிந்தது. கீழே நிலவறையில், மகன் வினோஜன் பொருத்திவைத்த சேமிப்புப் பெட்டிக்குள் பழுதாகிக்கொண்டிருந்த டிஸ்க் தட்டும் சத்தம் தரைப்பலகை வழியாக அவளுடைய உள்ளங்காலுக்கு ஏறியது. மார்ச் மாதம் நெடுஞ்சாலை விபத்தில் அவன் போய்விட்டான். அவன் பேசிச் சிரித்த அறுநூற்றுப் பதினான்கு வீடியோக்களும் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தன. அது செத்துப்போகுமுன் அவற்றைத் தன் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தாள்.

வினோஜனின் நண்பனான யூட்டைத் திரும்பவும் அழைத்தாள். அவன் அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்க்கச் சொன்னான். வயரில் இரண்டு இணைப்புகள் தெரிந்தன. ஒன்று அவளுடைய கணினி. பெயரில்லாத மற்றதுதான் வேகம் முழுவதையும் இழுத்துக்கொண்டிருந்தது.

"அன்ரி, வேற ஆரும் அந்தப் பெட்டியில இருந்து எடுக்கினமோ?"

"வீட்டில நான் மட்டும்தானே, தம்பி."

பேசிக்கொண்டே டிஸ்கில் இருந்த வீடியோக்களின் எண்ணிக்கையைப் பார்த்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்நூற்று எண்பத்தொன்பது.

"குறையுது, தம்பி. என்ர பிள்ளை குறையிறான்."

"கீழ போய் மற்ற வயரைக் கழட்டுங்கோ. உடன போங்கோ."

நிலவறைப் படிகளில் இறங்கும்போதே தொலைபேசி இணைப்பு அறுந்துவிட்டது. ஈரச் சுண்ணாம்பு வாடை. பெட்டியின் பின்னால் இரண்டு வயர்கள். ஒன்று மேலே அவளுடைய மேசைக்குப் போனது. மற்றது அலுமாரிக்குப் பின்னால், வெளிச்சுவரில் விரல் பருமனான ஒரு துவாரத்துக்குள் போனது. அந்தச் சுவருக்கு அப்பால் மண் மட்டும்தான்.

வயரைத் தொட்டாள். உடம்புச் சூடு. இழுத்தாள். வரவில்லை. துவாரத்துக்குள்ளிருந்து யாரோ பேசினார்கள்.

"அம்மா."

கிழவனின் கரகரப்பு. சற்றுப் பொறுத்து மறுபடி. மெல்லிய கீச்சுக் குரல். மூன்றாவது தரம் சொன்னபோது முதல் எழுத்து மட்டும் வினோஜனுடையதாக இருந்தது. வீடியோக்களைக் கேட்டுக் கேட்டு ஏதோ ஒன்று பழகிப் பார்க்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினாள்.

"அம்"

அத்தோடு நின்றது.

டிஸ்க் மட்டும் தட்டியது. வயரைக் கையில் பிடித்தபடி நின்றாள். எட்டு மாதமாக இந்த வீட்டில் ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. அது அவன் இல்லை. தெரியும். நன்றாகத் தெரியும். பெட்டியின் பின்புறத்தைத் தடவித் தேடினாள். வயரைத் திரும்பக் குத்தினாள். பச்சை விளக்கு மின்னத் தொடங்கியது.

தரையில் குந்தி, காதைச் சுவரில் வைத்துக் காத்திருந்தாள்.

"அம்மா."

அவன் குரலேதான்.

"ஓம், அப்பன்," என்றாள்.

துவாரத்தின் ஓரங்கள், உள்ளிருந்து, உதிரத் தொடங்கின.