இன்றைக்கு யார் முறை

அன்று காலை தூத்துக்குடியில் குளிர் கொஞ்சம் குறைவு. உறைநிலைக்குக் கீழே முப்பத்தொரு பாகைதான். கடல் போன மாதமே கண்ணுக்கெட்டிய தூரம் வரை இறுகிவிட்டது. உப்பளங்களின் மேல் ஆளுயரத்துக்குப் பனி கிடந்தது. ஐந்தரை மணிக்கு மிக்கேல் சமையலறை முக்காலியில் சட்டையில்லாமல் உட்கார்ந்து இரு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சந்தனமேரி, வளைகாப்பில் வளையல் அடுக்குவதுபோல, அவர் கைகளில் உயிர்க்காப்புகளை மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் ஆறு, இடது கையில் ஆறு.

"ஐயப்பன் காப்பு இறுக்குது. கொஞ்சம் கீழ இறக்கு."

"அந்த ஒல்லிக்குச்சிக்கு அளவெடுத்தது உங்களுக்கு எப்படிப் பத்தும்?" என்றபடி அதை மணிக்கட்டுக்குத் தள்ளினாள். "வேர்க்க வேர்க்க மிதிச்சிராதீங்க. போன மொறை பனியன் முதுகுத் தோலோட வந்துச்சு."

"பதினெட்டு வருசமா மிதிக்கேன். எனக்கே படிச்சுக் குடுக்கா பாரு."

அவள் அவர் முகத்தில் நல்லெண்ணெயை அழுத்தித் தேய்த்தாள். தேங்காயெண்ணெய் கல்லாகிப் பல காலம் ஆகிறது. கம்பளி உள்சட்டை, அதன் மேல் காற்றுப்புகாச் சட்டை, அதற்கும் மேல் மேலங்கி. தேநீர்க் குடுவை அங்கிக்குள் வயிற்றோடு ஒட்டி இருக்க வேண்டும். வெளியே மாட்டினால் பத்தாவது நிமிடத்தில் பனிக்கட்டியைத்தான் கடிக்க வேண்டியிருக்கும்.

பூமி கொதிக்கிறது என்று அலறிய ஒரு தலைமுறை, வெயிலை மறைக்க வானத்தில் வெள்ளைத் தூசியைத் தூவியது. கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. தூவியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் குளிரில் கிடந்தார்கள். ஊரை உயிரோடு வைத்திருந்தது ஒரே ஒரு வெப்பக்குழாய். இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலத்தடிக் கிணற்றிலிருந்து சுடுநீராவியைக் கொண்டுவரும் அந்தக் குழாயில் ஓரிடத்தில் கசிந்தாலும், அன்று மாலைக்குள் ஏதோ ஒரு தெரு விறைத்துவிடும். இந்தக் குளிரில் மின்கலங்கள் செத்துப்போகும், பறக்கும் எந்திரங்களுக்கு இறக்கையில் பனி கட்டும். கடைசியில் மனிதன் தன் பழைய சைக்கிளிடமே வந்து சேர்ந்தான். டயரில் ஆணி, சங்கிலியில் மசகுக்குப் பதில் பென்சில் காரீயத் தூள். தினமும் காலையில் குழாயோரமாகப் போய்ப் பார்த்து வருபவர்களுக்குக் குழாய்ப்படை என்று பெயர்.

படைக்குப் பன்னிரண்டு பேர். இது காவல்மதியின் சட்டம். ஊரின் கதவுகளையும் வெப்பத்தையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் அந்த எந்திர அறிவு, ஒருமுறை மூன்று பேர் பனியில் செத்த பிறகு, இனிப் பன்னிரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்று விதித்தது. ஒருவருக்கொருவர் துணை. ஒவ்வொருவர் கையிலும் உயிர்க்காப்பு. வீட்டில் அது தூங்கும். வெளிவாசலைத் தாண்டியதும் விழித்துக்கொண்டு நாடியையும் சூட்டையும் காவல்மதிக்குச் சொல்லும்.

முதல் குளிர்காலம் பன்னிரண்டு பேரும் ஒழுங்காகப் போனார்கள். ஒருநாள் ஒருவருக்குக் காய்ச்சல். காப்பைக் கழற்றி நண்பனிடம் கொடுத்தார். நண்பன் இரண்டையும் மாட்டிக்கொண்டு போனான். வாசல் காப்புகளை எண்ணியதே தவிர ஆட்களை எண்ணவில்லை. அடுத்த குளிர்காலத்துக்குள் ஒருவர் போக, பதினொரு பேர் போர்வைக்குள் கிடந்தார்கள். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை ஒருவருக்கு முறை வரும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றியது கிடையாது, முறை தவறியதும் கிடையாது. அப்படி ஒரு நேர்மை! காவல்மதியோ, பன்னிரண்டு பேரின் நாடியும் ஒன்றுபோலத் துடிப்பதைக் கண்டு, ஆண்டுதோறும் அவர்களுக்கு ஒற்றுமைக்கான பாராட்டிதழ் அனுப்பிக்கொண்டிருந்தது.

மிக்கேல் ஆறு மணிக்கு வெளிவாசலைத் தாண்டினார். காதுக்குமிழில் குரல் கேட்டது.

"குழாய்ப்படையின் பன்னிரு வீரர்களுக்கும் வணக்கம்."

"வணக்கம், வணக்கம்" என்றார் அவர், பன்னிரண்டு பேர் சார்பாக.

வியர்க்காத வேகத்தில் மிதிப்பது ஒரு கலை. மூக்கை மூடிய துணியில் மூச்சு பட்டுப் பட்டுப் பனித்தகடு கட்டியது. இடப்பக்கம் குழாய், வலப்பக்கம் வெறும் வெள்ளை. உண்மையைச் சொன்னால் மிக்கேலுக்கு இந்தப் பயணம் பிடிக்கும். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எல்லோருடைய முறையையும் அவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் குழாயின் அடியில் கசிந்து உறைந்திருந்த கண்ணாடிப் பனியில் முன்சக்கரம் ஏறியது. ஆணி பிடிக்கவில்லை. சைக்கிள் ஒரு பக்கம் போயிற்று, அவர் குழாயைத் தாங்கும் இரும்புக் காலில் போய் மோதினார். சத்தம் வெளியே கேட்கவில்லை, உள்ளே கேட்டது. வலது தொடை எலும்பு முறிந்திருந்தது.

கத்தி முடிக்கவே சில நிமிடங்கள் ஆயின. பிறகு அசையாமல் கிடந்தபடி காத்திருந்தார். தனியாக ஒருவன் நான்கு நிமிடம் நின்றாலே மீட்புப் படை கிளம்பும் என்பது விதி. நான்கு போய்ப் பத்து நிமிடமானது. பிறகு காவல்மதி இதமான குரலில் பேசியது.

"வீரர்களே, பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் ஓய்வெடுப்பதைக் காண்கிறேன். தேநீர் இடைவேளை கால்மணி நேரம் மட்டுமே."

காவல்மதியின் கணக்கில் தான் தனியாக இல்லை என்பது மிக்கேலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கீழ விழுந்துட்டேன். தொடை ஒடிஞ்சுபோச்சு. ஆளனுப்பு."

"வருந்துகிறேன். உங்களுடன் பதினொரு பேர் இருக்கிறார்கள். சட்டப்படி ஆறு பேர் உங்களைத் தூக்கிவர, ஐந்து பேர் பணியைத் தொடரலாம்."

இதற்கு மேல் வாயைத் திறந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் பதினொரு வீட்டையும் ஊரின் வெளிவட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே குழாய் கிடையாது, கரியடுப்புதான். படையில் ஒருவரான கோமதிநாயகம் வீட்டில் மூன்று மாதக் குழந்தை. மிக்கேல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அரைமணி நேரம் அவர் நல்லவராகவே இருந்தார். அதற்குள் பாதம் இருப்பதே தெரியாமல் போயிற்று, நடுக்கமும் நின்றுவிட்டது. நடுக்கம் நிற்பது நல்லதற்கல்ல என்று பனியில் போகிற எல்லோருக்கும் தெரியும். சந்தனமேரியின் முகம் நினைவுக்கு வந்தது. சாகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"இங்க பாரு, நான் தனியா கெடக்கேன். என்கூட ஒருத்தரும் இல்ல. எல்லாக் காப்பும் என் கையில கெடக்கு. நாங்க பன்னெண்டு பேரும் சேர்ந்து உன்னை ஏமாத்திட்டோம்."

காவல்மதி சற்று யோசித்தது.

"சுற்றி இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவதும், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதும் குளிர்மயக்கத்தின் அறிகுறிகள். உங்கள் பேச்சை நான் பதிவு செய்யவில்லை. அருகில் இருக்கும் தோழர் யாரையாவது பேசச் சொல்லுங்கள்."

மிக்கேல் ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே அச்சிட முடியாது.

ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. படையில் பாதிக்கு மேல் செத்தால் மீட்புப் படை வந்தே தீரும். தோலிலிருந்து காப்பு விலகினால், கழன்றது என்று காவல்மதிக்குத் தெரியாது. நாடி நின்றுவிட்டது என்றுதான் நினைக்கும். ஏழு பேரைக் கொல்ல வேண்டும். செத்தவனுக்கு வீட்டு வெப்பம் கிடையாது. இங்கே காப்பு கழன்ற இரண்டாவது நிமிடம், அங்கே அவன் பங்குக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கையுறையைக் கழற்றி, சட்டைக்கைகளைச் சுருட்டினார். குளிர் தோலைக் கத்தியாய்ச் சீவியது. முதலில் ஐயப்பன். கல்யாணம் ஆகாதவன், இன்னொரு போர்வை போர்த்துக்கொள்வான்.

"வீரர் ஐயப்பன் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்" என்றது காவல்மதி. "மீதமுள்ள பதினொருவரும் உடலைக் கொண்டுவரவும்."

அடுத்து சுடலைமுத்து. அப்புறம் காஜா. யார் வீட்டில் ஆள் குறைவு, யார் வீட்டுச் சுவர் தடிப்பம் என்று பார்த்துப் பார்த்துக் கழற்றினார். ஒவ்வொரு இரங்கலுக்கும் "மன்னிச்சிரு" என்று முணுமுணுத்தார். ஐந்தாவதுக்குள் விரல்கள் வெள்ளை மெழுகாகிவிட்டன. ஆறாவதைப் பல்லால் இழுத்தார். ஏழாவதாகக் கைக்கு எட்டும்படி இருந்தது கோமதிநாயகத்தின் காப்புதான். மற்றவை முழங்கைப் பக்கம் இறுகிக் கிடந்தன, பல்லுக்கும் எட்டவில்லை. அந்தக் குழந்தையை ஞாயிற்றுக்கிழமைதான் மடியில் வைத்திருந்தார். அழுதுகொண்டே இழுத்தார். கண்ணீர் கன்னத்துக்கு வருமுன் உறைந்தது.

"பேரிடர் அறிவிக்கப்படுகிறது" என்றது காவல்மதி. "பன்னிரண்டு பேர் கொண்ட மீட்புப் படை புறப்பட்டுவிட்டது. இரண்டு மருத்துவர்கள், நான்கு பேர் இழுக்கும் சறுக்குவண்டி, ஆறு சுமப்பாளர்கள். எல்லோரும் சைக்கிளில் விரைந்து வருகிறார்கள். அவர்களின் நாடித்துடிப்பு உறுதியாக உள்ளது."

மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மருத்துவர்கள்! குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, தாய்க்காரி நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள், ஊருக்குப் போனதும் கோமதிநாயகத்தின் காலில் விழுந்துவிடலாம். வெளிவட்டத்துக்குத் தள்ளினால் எல்லோரும் சேர்ந்து போகலாம். உயிரோடு இருந்தால் கரியடுப்பும் ஒரு அடுப்புதானே.

முக்கால் மணி நேரம் கழித்துப் பனியில் ஆணி டயர் நொறுநொறுக்கும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சைக்கிள் வந்தது. அதற்குப் பின்னால் யாரும் வரவில்லை.

வந்தவர் ஐம்பது வயதுக்காரர், மேலங்கியில் மீட்புப் படையின் சிவப்புப் பட்டை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து மண்டியிட்டார். மிக்கேலைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், பனியில் சிதறிக் கிடந்த ஏழு காப்புகளைப் பார்த்தார்.

"மத்தவங்கள்லாம் எங்கவே?" என்று கேட்டார்.

"உம்ம ஆளுக எங்கவே?" என்றார் மிக்கேல்.

வந்தவர் கையுறையைக் கழற்றினார். மெல்லத் தன் சட்டைக்கையை மேலேற்றிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஆறு காப்புகள். மற்றக் கையைக் காட்டத் தேவையிருக்கவில்லை.

"எம்பேரு செய்யது. இன்னிக்கு என் முறை" என்றார். "ஒம்போது வருசத்துல ஒரு பேரிடரும் வந்ததில்ல வே. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்புறதுதான் வழக்கம்."

"சறுக்குவண்டி?"

"அதை இழுக்க நாலு பேரு வேணும்."

"மருத்துவரு?"

செய்யது இடது கையில் இரண்டு காப்புகளைத் தொட்டுக் காட்டினார்.

மிக்கேலைத் தூக்கிச் சைக்கிள் பின்தட்டில் உட்காரவைக்க இரண்டு முறை முயன்றார். இரண்டாவது முறை மிக்கேல் போட்ட கூச்சலில் பயந்து இறக்கிவிட்டார்.

"உம்ம காப்பையும் கழத்தும்" என்றார் மிக்கேல், மூச்சு வாங்க. "இன்னொரு படை வரும்."

"வராது. மீட்கப் போனவனே செத்தா, ஆபத்தான எடம்னு பாதைய மூடிரும். கோடைக்குத்தான் தொறப்பாங்க."

"அப்ப ஊருக்குப் போயி உங்க ஆளுக நாலு பேர எழுப்பிக் கூட்டிட்டு வாரும்."

"அவங்கள்லாம் வெளிய போயிட்டதா காவல்மதி எழுதியாச்சு. இங்க இருக்கவனுக்கு அங்க எப்படிக் கதவத் தொறக்கும்?"

செய்யது காதுக்குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தான் ஒருவன் மட்டுமே வந்திருப்பதாகவும், மற்றப் பதினொரு பேரும் வீட்டில் படுத்திருப்பதாகவும் பெயர் பெயராகச் சொன்னார். குளிர்மயக்கம் மீட்பவர்களுக்கும் பரவியிருப்பதைக் காவல்மதி கவலையுடன் குறித்துக்கொண்டது. எல்லோரும் சூடான பானம் அருந்துமாறு பரிந்துரைத்தது.

செய்யது தன் அங்கியைக் கழற்றி மிக்கேலின் மேல் போர்த்தினார். அவரைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு குடுவையைத் திறந்து, ஆறிக்கொண்டிருந்த தேநீரை உதட்டில் வைத்தார். பாதி வழிந்து தாடியில் உறைந்தது.

"மீட்பு நிறைவேறியது" என்றது காவல்மதி. "மிக்கேல் அவர்களே, இனிக் கவலை வேண்டாம். இப்போது உங்களைச் சுற்றிப் பதினாறு பேர் இருக்கிறார்கள்."

செய்யது ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.