சுருட்டைக்குள் சிக்கிய பிரஷ்

இழுத்தாள். வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, பிரஷ் வரவில்லை.

நஸ்லியா கண்ணாடிக்கு முன்னால் விறைத்துப்போய் நின்றாள். அவளுடைய சுருட்டை முடிக்குள், பின்தலையில், மூத்தவள் ஸக்கியா ராத்தாவின் உருண்டைப் பிரஷ் வசமாக மாட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடி மட்டும் பிடரியில் வால் மாதிரித் தொங்கியது.

எல்லாம் போன வாரக் கலியாண வீட்டில் தொடங்கிய வினை. பெண்கள் பக்கத்தில் எல்லோரும் தலையில் கட்டிய பர்தாவைக் கழற்றிவிட்டு ஆறுதலாக இருந்தபோது, தூரத்து உறவு மாமி ஒருத்தி நஸ்லியாவின் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! இது முடியா, மெத்தைக்குள்ள அடைக்கிற தும்பா?"

கூடமே சிரித்தது. நஸ்லியா பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டவள்தான். சாப்பிடும்போதும் கழற்றவில்லை, ஐஸ்கிரீமுக்கும் கழற்றவில்லை.

ராத்தாவின் முடியோ மழைத் தாரை போல நேராக விழும். "இந்தப் பிரஷால சுத்திச் சுத்தி இழுக்கிறதாலதான்" என்று அவள் யாரிடமோ பெருமையடித்தது நஸ்லியாவின் காதில் விழுந்திருந்தது. அதனால்தான் இன்று காலை, ராத்தா குளிக்கப் போன நேரம் பார்த்து, காய்ந்த முடியில் சுற்றினாள். சுற்றியது சுற்றியதுதான்.

"நஸ்லியா! வேன் வந்திட்டு!" உம்மாவின் குரல் படியேறி வந்தது.

உம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் உம்மா சாச்சிக்கு ஃபோன் கோல் எடுப்பா. சாச்சி அந்த மாமிக்கு எடுப்பா. மத்தியான லுஹர் பாங்கு சொல்வதற்குள் மடவளை ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

நஸ்லியா வெள்ளைப் பர்தாவை எடுத்தாள். தலை, பிரஷ், கைப்பிடி எல்லாவற்றையும் சேர்த்து மூடினாள். ஓடினாள்.

தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாலும் கைப்பிடி முதுகில் குத்தியது. குனிந்தபடியே வேனில் ஏறினாள். குனிந்தபடியே வகுப்புக்குள் போனாள்.

"என்னடி, கழுத்துச் சுளுக்கா?" பக்கத்தில் இருந்த ருஷ்தா கேட்டாள்.

"ம்."

"பின்னுக்கு என்ன புடைச்சிக்கொண்டு ஈக்கு?"

"கொண்டை."

முதல் பாடத்திலேயே டீச்சர் கையைத் தட்டினார். "எல்லாரும் நஸ்லியாவைப் பாருங்க. எவ்வளவு அடக்கமா, குனிஞ்ச தலை நிமிராம எழுதுறா!"

நாற்பது முகங்கள் திரும்பின. நஸ்லியாவின் காது மடல்கள் சுட்டன. பொய்யாகப் பாராட்டு வாங்குவது, திட்டு வாங்குவதைவிடக் கேவலமாக இருந்தது.

இடைவேளை மட்டும் தாண்டிவிட்டால் போதும் என்று அவள் நினைத்த நேரத்தில்தான் வாசலில் ஒரு மாணவத் தலைவி வந்து நின்றாள்.

"டீச்சர், ஆஸ்பத்திரி மிஸ்ஸி வந்தீக்காங்க. பொம்புளப் புள்ளைகள் எல்லாரும் சுகாதார அறைக்கு வரட்டாம். பேன் பாக்க."

நஸ்லியா பர்தாவைப் பிடரியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

சுகாதார அறைக்குள் இரண்டு வரிசை. ஒன்று சின்ன வகுப்புகளுக்கு, மற்றது பெரிய வகுப்புகளுக்கு. முன்னால் ஜெயராணி மிஸ்ஸி கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தியும் பர்தாவைக் கழற்ற வேண்டும், தலையைக் காட்ட வேண்டும், போக வேண்டும்.

நஸ்லியா கடைசிக்கு நழுவினாள். வரிசை குறைந்தது. இன்னும் குறைந்தது. ஐந்து பேர். மூன்று பேர்.

திடீரென்று வரிசை நின்றுவிட்டது.

சின்ன வரிசையின் முன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பர்தாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மஸாஹிராக் கண்ணு, வலிக்காதும்மா. சும்மா பாத்துட்டு விட்டுருவேன்" என்றார் மிஸ்ஸி.

"ஏலா! கழட்ட மாட்டன்! எல்லாரும் சிரிப்பாங்க! என்ட தல காடு மாதிரி!"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிள்ளையின் தோள்கள் குலுங்கின.

அந்தச் சிரிப்பு நஸ்லியாவுக்குத் தெரிந்த சிரிப்பு. கலியாண வீட்டுச் சிரிப்பு.

அவள் எச்சிலை விழுங்கினாள். வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"இங்க பாரு, மஸாஹிரா. உன்ட காட்டுக்குள்ள என்ன ஈக்கு? என்ட காட்டுக்குள்ள ஒரு மிருகமே மாட்டியீக்கு!"

பர்தாவை உருவினாள்.

பிரஷ் வால் போல ஆடியது. அறையே சிரிப்பில் அதிர்ந்தது. ருஷ்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கொண்டையாம்! கழுத்துச் சுளுக்காம்!"

நஸ்லியாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் மஸாஹிரா அழுகையை நிறுத்தியிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரஷைப் பார்த்தாள். மெல்ல, தானே பர்தாவைக் கழற்றினாள். உள்ளே குட்டிச் சுருட்டைகள், சிக்கோடு சிக்காக.

மிஸ்ஸி அவள் தலையைப் பார்த்து முடித்து, நஸ்லியாவின் பிரஷைத் தொட்டுப் பார்த்தார். "இது வராது போலயே. கத்திரிக்கோலால வெட்டிறலாமா?"

கத்திரிக்கோல்! வெட்டினால் பின்தலையில் பொட்டல்தான். பிறகு வருடம் முழுக்கச் சிரிப்பு.

"வேணாம் மிஸ்ஸி! அடுத்த வகுப்புப் புள்ளைகளப் பாத்து முடியுற வரைக்கும் நேரம் தாங்க. நானே எடுக்கிறன்."

"சரி. அதுக்குள்ள வரலன்னா வெட்டிருவேன்."

நஸ்லியா மூலையிலிருந்த பேசினுக்கு ஓடினாள். காலையிலிருந்து இழுத்ததெல்லாம் காய்ந்த முடியை. குளிக்கும்போது மட்டும் இந்த முடி விரலுக்கு வழிவிடுமே! குழாயைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ருஷ்தா, சிரிச்சது போதும். கன்டீன்ல கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாங்கிட்டு வா!"

ருஷ்தா ஒரு கோப்பையோடு ஓடி வந்தாள். "ஆறின எண்ணெய்தான். ஆனா வடை பொரிச்சது. மணம் வரும், பரவாயில்லையா?"

"ஊத்து!"

ருஷ்தா கைப்பிடியை அசையாமல் பிடித்தாள். நஸ்லியா மேலேயிருந்து இழுக்கவில்லை. நுனியைத் தேடினாள். ஒரு கையால் முடியின் வேர்ப்பக்கத்தை அழுத்திக்கொண்டு, மறு கையால் இரண்டு மூன்று இழைகளாக விடுவித்தாள். ஒரு சுருள் வந்தது. அடுத்தது வந்தது. அவசரப்பட்டால் இறுகியது, பொறுத்தால் வழுக்கியது.

"கடைசி ஆள் உக்காந்திட்டாடி!" ருஷ்தா பதறினாள்.

மிஸ்ஸியின் கை கத்திரிக்கோலை நோக்கிப் போனது.

டக்!

பிரஷ் ருஷ்தாவின் கையோடு வந்துவிட்டது. அவள் அதைப் போட்டியில் கிண்ணம் வென்றவள் மாதிரி தூக்கிக் காட்டினாள். மிஸ்ஸி கத்திரிக்கோலைப் பைக்குள் போட்டார்.

நஸ்லியா பேசினுக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்க்கப் பயந்தாள். பிறகு பார்த்தாள். ஈர முடி தும்பாக இல்லை. சுருள் சுருளாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக, தோளில் இறங்கியிருந்தது. இப்படி அவள் பார்த்ததே இல்லை. பார்க்க முதலே ஒவ்வொரு நாளும் துவாயால் தேய்த்து, சீப்பால் இழுத்து விடுவாளே!

யாரோ பாவாடையை இழுத்தார்கள்.

"எனக்கும்" என்றாள் மஸாஹிரா.

நஸ்லியா அவளைக் கதிரையில் ஏற்றினாள். தண்ணீர் தெளித்தாள். மிச்ச எண்ணெயை உள்ளங்கையில் தடவி, நுனியிலிருந்து மெல்ல மேலே போனாள்.

"நொந்தா செல்லணும், சரியா?"

"நோகல்ல. வடை வாசம்தான் வருது."

குட்டிச் சுருள்கள் ஒவ்வொன்றாக விழித்தெழுந்தன. மஸாஹிரா கண்ணாடியில் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பர்தாவைப் போடச் சொன்னால் கேட்கவில்லை. கதிரையிலிருந்து குதித்து, புதிதாக வந்த வகுப்பின் வரிசையில் போய் நின்றாள்.

"ஒன்னைத்தான் பாத்தாச்சே!" என்றார் மிஸ்ஸி.

"இன்னொரு தரம் பாருங்க மிஸ்ஸி. பேன் எங்கயாச்சும் ஒளிஞ்சீக்கும்."

மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். மஸாஹிராவுக்குப் பின்னால், பர்தாவைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, நஸ்லியாவும் நின்றுகொண்டிருந்தாள்.